பைய மூச்சு விடுங்க: அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வலியும் பதற்றமும்

திருநெல்வேலிப் பக்கம் 'பைய' என்று ஒரு சொல் புழக்கத்தில் உண்டு. மெதுவாக, அவசரப்படாமல், பார்த்துப் பதனமாக என்று மூன்றையும் அது ஒன்றாகச் சொல்லிவிடும். படி இறங்கும் தாத்தாவிடம் 'பைய இறங்குங்க' என்போம். சுடச்சுடக் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு 'பையக் குடி' என்போம். அந்தச் சொல்லை ஒருவர் மருந்துபோலக் கொடுத்ததை நான் பார்த்தது பாளையங்கோட்டையில், ஒரு மருத்துவமனையின் பெண்கள் வார்டில், இரவு இரண்டு மணிக்கு.

அத்தைக்கு 52 வயது. முக்கூடலில் சின்ன வயதிலிருந்தே பீடி சுற்றுகிறவர். கர்ப்பப்பைக் கட்டிக்காக வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். முதல் நாள் முதுகில் போட்ட ஊசியின் மரமரப்பிலும் தூக்கத்திலும் கழிந்துவிட்டது. இரண்டாம் நாள் இரவில்தான் வலி தன் முழு உருவத்தைக் காட்டியது. அத்தை கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். பற்கள் நெறுநெறுத்தன. தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. போர்வைக்கு வெளியே தெரிந்த கால்விரல்கள் உள்பக்கமாக மடங்கி நின்றன.

"ஏளா, உள்ள என்னமோ கிழியுத மாதிரி இருக்கு. தையல் விட்டுட்டோ என்னமோ."

எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "ஒண்ணுமில்ல அத்தை, கொஞ்சம் தாங்கிக்கிடுங்க." அத்தை என்னைப் பார்த்த பார்வையில் நான் தூரமாய்ப் போய்விட்டது தெரிந்தது.

இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் களக்காட்டுப் பக்கத்துப் பெண். கட்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "தையல் நல்லா இருக்கும்மா, ஒரு பொட்டு ரத்தம்கூட இல்ல" என்றார். அடுத்த ஊசிக்கு நேரமாகியிருந்தது. போடும்போதே, "இது வலிக்கான ஊசி, கொஞ்ச நேரத்துல பிடிக்கும்" என்று சொன்னார். பிறகு உடனே போய்விடவில்லை. அத்தையின் தாடையில் இரண்டு விரல்களை வைத்தார். "பல்லக் கடிக்காதீங்க. வாய லேசாத் தொறங்க, கொட்டாவி வருத மாதிரி. மூச்ச பைய விடுங்க... இன்னும் பைய." ஏழெட்டு மூச்சுக்குப் பிறகு தோள் இறங்கியது. ஊசி முழுதாக வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்பே கால்விரல்கள் விரிந்துவிட்டன. நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அன்று நடந்தது வெறும் ஆறுதல் இல்லை. அதற்குப் பின்னால் அறுபது ஆண்டு மருத்துவ ஆராய்ச்சி இருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அது தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

காயம் இருக்கும் இடத்தில்தான் வலி இருக்கிறது என்று நினைக்கிறோம். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து நரம்புகள் கொண்டுபோவது ஒரு சேதி மட்டும்தான். அது தண்டுவடத்துக்குப் போய், அங்கிருந்து மூளைக்குப் போய், அங்கேதான் வலியாக ஆகிறது. பயம், நினைவு, எதிர்பார்ப்பு எல்லாம் அதில் கலக்கின்றன. வலியை ஆராயும் உலக அமைப்பு 1979இல் வகுத்து 2020இல் திருத்திய வரையறையும், வலி என்பது உடலின் உணர்வும் மனத்தின் அனுபவமும் சேர்ந்தது என்றே சொல்கிறது. 'உங்க வலி வெறும் மனசுதான்' என்று யாராவது நோயாளியிடம் சொன்னால் அது தப்பு. மனம் கலக்காத வலியே கிடையாது, அது யாருக்கும் கிடையாது என்பதே சரி.

ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1965இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். (திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டுதான்.) தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற அமைப்பு இருக்கிறது. கீழிருந்து வரும் வலிச்சேதியை அது முழுதாகவும் விடலாம், பாதியாகவும் விடலாம். தொடுதலும் தடவலும் அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தும். மேலேயிருந்து மூளை அனுப்பும் கட்டளையும் அதைத் திறக்கும், சாத்தும். நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்ட பிள்ளையின் தலையை ஆச்சி பரபரவென்று தேய்த்துவிடுவதற்கும், தேய்த்ததும் அழுகை அடங்குவதற்கும் காரணம் இதுதான். அவர்களுடைய கருத்தின் நுணுக்கங்கள் பின்னால் பல திருத்தம் கண்டன. கதவு உண்டு, அதை மூளையும் ஆட்டுகிறது என்கிற அடிப்படை நிலைத்துவிட்டது.

பதற்றம் என்ன செய்கிறது? அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, உடம்பு முழுக்கத் தசைகள் விறைக்கின்றன. வயிற்றில் தையல் இருக்கும்போது வயிற்றுத் தசை விறைத்தால் தையலைச் சுற்றி இழுக்கும். இழுத்தால் வலிக்கும். வலித்தால் 'தையல் விட்டுவிட்டதோ' என்ற பயம் வரும். பயம் வந்தால் தசை இன்னும் விறைக்கும். அத்தை அன்றிரவு மாட்டிக்கொண்டது இந்தச் சுழலில்தான்.

இதில் மூச்சும் கெடுகிறது. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, சளி தேங்கும், நிமோனியா வரைக்கும் போகலாம். அதனால்தான் மூன்று பந்து உள்ள அந்தக் கருவியைக் கொடுக்கிறார்கள். வார்டில் பாதிப்பேர் அதை ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை ஊதக் கூடாது. வாயில் வைத்துப் பைய உறிஞ்ச வேண்டும், உறிஞ்சினால்தான் பந்து ஏறும்.

இனி, நான் மிக முக்கியமாக நினைக்கும் ஆய்வுக்கு வருகிறேன். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரும் சகாக்களும் செய்து 1964இல் வெளியிட்டது. வயிற்றில் அறுவைச் சிகிச்சைக்கு வந்த 97 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவினரை முந்தின இரவே மயக்க மருத்துவர் போய்ப் பார்த்து உட்கார்ந்து பேசினார். எங்கே வலிக்கும், எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் இருக்கும் என்று மறைக்காமல் சொன்னார். இந்த வலியில் பெரும்பங்கு தையலுக்குக் கீழே தசை இறுகுவதால் வருவது, அதைத் தளர்த்த உங்களாலேயே முடியும் என்று சொல்லி, வயிற்றைத் தளர்த்தவும் ஆழ்ந்து மூச்சுவிடவும் வயிற்றை முறுக்காமல் கைகால் பலத்தில் புரண்டு படுக்கவும் கற்றுக்கொடுத்தார். தாங்க முடியாமல் போனால் மருந்து கேளுங்கள் என்றும் சொன்னார். யார் எந்தப் பிரிவு என்பது அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது.

அடுத்து வந்த ஐந்து நாளில், முன்கூட்டிச் சொல்லப்பட்டவர்களுக்குத் தேவைப்பட்ட மார்ஃபின் வகை மருந்து மற்றவர்களைவிடப் பாதியாக இருந்தது. சராசரியாக 2.7 நாள் முன்னதாக வீட்டுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது என் வாயிலிருந்து வந்த 'ஒண்ணுமில்ல'தான். நம்மூரில் நோயாளிக்கு எதையும் சொல்லாமல் இருப்பதைத்தான் அன்பு என்று நினைத்திருக்கிறோம். 'சும்மா ஒரு சின்ன ஆபரேஷன்', 'எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்' என்று சொல்லி அனுப்புகிறோம். அப்புறம் அந்த வலி வரும்போது நோயாளி என்ன நினைப்பார்? சின்ன ஆபரேஷனுக்கு இவ்வளவு வலிக்காதே, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றுதான் நினைப்பார். அத்தையும் அதைத்தான் நினைத்தார். 'ரெண்டாம் நாள் இருமினா, சிரிச்சா, எழுந்திருச்சா சுரீர்னு இழுக்கும், அது தையல் விடுறது இல்ல' என்று ஒரே ஒரு வாக்கியத்தை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் அந்த இரவு வேறு மாதிரி போயிருக்கும். நானே கேட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

நெல்லையில் 1988 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனையில் அறுவைக்கு முன்னால் நோயாளியிடம் உட்கார்ந்து பேசுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வயிற்று அறுவைக்கும் எலும்பு அறுவைக்கும் வருகிறவர்களுக்கு அப்படிப் பேச எல்லா இடத்திலும் ஆள் கிடைப்பதில்லை. அரசு மருத்துவமனைக்குத் தென்காசி, அம்பை, வள்ளியூர், ராதாபுரம் என்று நாலா பக்கமும் இருந்து ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். ஒரு சிஸ்டர் எத்தனை கட்டிலைத்தான் பார்ப்பார்? அதனால் இந்தப் பயிற்சி, பக்கத்தில் துணைக்கு இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். இரவு முழுக்க நோயாளிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கப் போவது அவர்தானே.

சிஸ்டர் அத்தைக்குச் சொன்ன அந்தக் கொட்டாவி விஷயத்துக்கு வேர் நீளமானது. தசையைத் தளர்த்துவதை ஒரு முறையாக வகுத்தவர் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர், 1920களில். மேரியன் குட் என்ற செவிலிய ஆய்வாளர் வயிற்று அறுவை முடிந்த 500 பேரிடம் தாடைத் தளர்ச்சியைச் சோதித்து 1999இல் வெளியிட்டார். சிலருக்குத் தாடைத் தளர்ச்சி, சிலருக்கு இசை, சிலருக்கு இரண்டும், மற்றவர்களுக்கு இரண்டும் இல்லை. வலிமருந்து எல்லோருக்கும் உண்டு. பயிற்சியோ இசையோ கிடைத்தவர்களுக்கு, கிடைக்காதவர்களைவிட வலி குறைவாக இருந்தது. அதாவது மருந்து குறைத்த வலிக்கு மேல் இன்னும் கொஞ்சம் குறைந்தது.

செய்முறை இவ்வளவுதான். சின்னக் கொட்டாவி வரப்போவது போலக் கீழ்த்தாடையைத் தொங்கவிட வேண்டும். நாக்கு வாயின் அடியில் சும்மா கிடக்க வேண்டும். உதடு தளர்ந்திருக்க வேண்டும். மூச்சை மெல்ல இழுத்து, மெல்ல விட்டு, அடுத்த மூச்சுக்கு முன் ஒரு கணம் சும்மா இருக்க வேண்டும். மனதுக்குள் வார்த்தை ஓடுவதையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். வார்த்தை நிற்காது. நின்றவரைக்கும் லாபம். வயிற்றில் தையல் இருப்பவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் தோதானது என்பது என் எண்ணம். அசையவே வேண்டாத இடத்திலிருந்து தொடங்குகிறது, பக்கத்துக் கட்டிலுக்குக்கூடத் தெரியாமல் செய்யலாம்.

மூச்சுப் பயிற்சியில் கவனிக்க வேண்டியது விடும் மூச்சு. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் வேகஸ் என்ற நரம்பு வழியாக இதயத் துடிப்பு மட்டுப்படும், உடம்பு 'ஆபத்து இல்லை' என்ற நிலைக்கு இறங்கும். மூக்கால் இழுத்து, சூடான சாயாவை ஊதுவது போல உதட்டைக் குவித்து விடலாம். 'ஆழமா மூச்சு இழுங்க' என்று சொன்னால் நோயாளி மடமடவென்று இழுத்துத் தலைசுற்றிப் போவார். 'பைய விடுங்க' என்றால் போதும், இழுப்பது தானாக வரும். இருமல் வந்தால் தலையணையையோ மடித்த துண்டையோ தையல்மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். எழுந்திருக்க ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். யாரும் கையைப் பிடித்து நேராக இழுத்துத் தூக்கிவிடக் கூடாது. அன்பினால் நாம் செய்யும் தப்புகளில் அது பெரிய தப்பு.

தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் ஜேக்கப்சன் முறை, பீடி சுற்றும் கைகளுக்கு நன்றாகப் பிடித்தது. சுளகை மடியில் வைத்து, கழுத்தைக் குனிந்து, நாள் முழுக்க இருந்தவருக்கு விரலும் கழுத்தும் இறுகியே பழக்கம், இறுகியிருப்பதே தெரியாது. கையை ஐந்து எண்ணும்வரை மூடிப் பிடித்து, 'விடுங்க' என்று சொல்லி, விட்டதும் அந்தக் கை எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். "நூலச் சுத்தி இறுக்கிட்டு அறுத்து விட்ட மாதிரி இருக்குளா" என்றார். கை, தோள், முகம், பாதம் என்று போகலாம். வெட்டு உள்ள பகுதியை மட்டும் இறுக்கவே கூடாது. வயிற்று அறுவை என்றால் வயிற்றையும் தொடையையும் விட்டுவிட வேண்டும்.

கண்ணை மூடி அமைதியான ஓர் இடத்தை நினைக்கச் சொல்லும் முறையும் உண்டு. ஒலிப்பதிவுகளில் கடற்கரை, பனிமலை என்று வரும். அத்தை பனிமலையைப் பார்த்ததில்லை. நோயாளி உடம்பால் அறிந்த இடமாக இருந்தால்தான் இது வேலை செய்யும். அத்தையைக் கேட்டேன். முத்துமாலை அம்மன் கோயில் பக்கம், தாமிரபரணியில், தண்ணி முழங்கால் அளவு ஓடும்போது கல்லில் உட்காருவாராம். மீன்குஞ்சு வந்து குதிகாலைக் கொத்துமாம். நான் கேட்டுக்கொண்டே போக அவர் சொல்லிக்கொண்டே வந்தார். தண்ணி குளிர்ச்சியா அத்தை? கல்லு வழுக்குமா? மஞ்சள் வாசம் வருமா? பத்து நிமிஷத்தில் பதில் வரவில்லை. தூங்கியிருந்தார்.

அடுத்த கட்டிலில் உவரியிலிருந்து வந்த ஒரு பாட்டி. மருமகள் பாதியைச் சொல்ல, பாட்டி மீதியைச் சொல்ல, ஜெபமாலை மெல்ல ஓடும். இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதையே எடுத்துக்கொண்டது. நல்ல ஆரோக்கியமான 23 பேரிடம், லத்தீனில் ஜெபமாலை சொல்லும்போதும் பௌத்த மந்திரம் ஓதும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைவதையும், இதயமும் இரத்த ஓட்டமும் அதே தாளத்துக்கு இசைவதையும் பார்த்தார்கள். 'ஓம் முருகா'வோ, 'அருள் நிறைந்த மரியே'யோ, மேலப்பாளையத்துப் பெரியவர் இறைவனை நினைத்து ஓதும் திக்ரோ, அவரவர் வாயில் பழகியதைப் பைய, ஒரே சீராகச் சொல்வதற்கு உடம்பு பதில் சொல்கிறது. நம்பிக்கை இல்லாதவர் எண்ணிக்கையே எண்ணலாம். ஹெர்பர்ட் பென்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1975இல் இதைத்தான் விளக்கினார்: ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது, வேறு நினைப்பு வந்தால் அலட்டிக்கொள்ளாமல் திரும்பி வருவது.

இசைக்கு ஆதாரம் இன்னும் வலுவாக இருக்கிறது. 73 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரை, இசை கேட்டவர்களுக்கு அறுவைக்குப் பிறகு வலி, பதற்றம், வலிமருந்துத் தேவை மூன்றும் குறைந்ததைக் காட்டியது. காதுக்குள் மாட்டும் இயர்போன் ஒன்று போதும். பாட்டை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். வார்டு முழுக்கக் கேட்கும்படி செல்போனில் போடுவது மற்றவர்களுக்குச் செய்யும் துன்பம்.

பிடித்துவிடுவதும் நல்லதுதான். கையையும் பாதத்தையும் மெல்ல நீவிவிடலாம். கெண்டைக்காலை மட்டும் அழுத்திப் பிசையக் கூடாது. படுத்தே கிடப்பவருக்குக் காலில் இரத்தம் உறைந்திருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு.

இவையெல்லாம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2016இல் 105 ஆய்வுகளை அலசியது. முன்கூட்டித் தயார்படுத்துவதால் வலியும் மனக்கலக்கமும் குறையக்கூடும், மருத்துவமனையில் தங்குவது அரைநாள் போலக் குறையலாம், கெடுதல் இருக்க வாய்ப்பில்லை என்றது. கூடவே, இந்த ஆய்வுகளின் தரம் அவ்வளவு உறுதியானது இல்லை என்றும் சொன்னது. எக்பர்ட் கண்ட 2.7 நாள் எங்கே, இந்த அரைநாள் எங்கே. நோயாளிகளை நெடுநாள் படுக்கவைத்த காலம் அது. இப்போது மருந்தும் மாறிவிட்டது, அறுவை முறையும் மாறிவிட்டது. ஆகவே இது மருந்துக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. வலிமருந்தை டாக்டர் எழுதிய நேரத்துக்கு நேரம் எடுக்க வேண்டும். 'ரொம்ப வலிச்சாப் போட்டுக்கலாம்' என்று தள்ளிப்போட்டால், ஏறிவிட்ட வலியை இறக்குவது கஷ்டம்.

அந்த மருந்தைப் பற்றியும் ஒரு விஷயம் உண்டு. இத்தாலியில் டூரின் நகரத்து ஆய்வாளர் ஃபப்ரிசியோ பெனடெட்டி, நோயாளிக்குத் தெரியாமல் இயந்திரம் வழியாகக் கொடுத்த வலிமருந்து, கண்முன்னே சொல்லிக் கொடுத்த அதே மருந்தைவிடக் குறைவாகவே வேலை செய்வதைக் காட்டினார். அன்றிரவு சிஸ்டர் 'இது வலிக்கான ஊசி' என்று சொல்லிப் போட்டதும் மருத்துவத்தில் சேர்த்திதான். யாரும் சொல்லாமல் போட்டால் 'இது எதுக்கு சிஸ்டர்?' என்று நாமே கேட்டு, நோயாளியின் காதில் சொல்லலாம்.

மூச்சுப் பயிற்சியை ஒதுக்கிவிட்டு உடனே ஆளைக் கூப்பிட வேண்டிய நேரங்களும் உண்டு. குறைந்துகொண்டு வந்த வலி திடீரென்று ஏறினால், காய்ச்சல் அடித்தால், கட்டு நனைந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ, வயிறு உப்பிக் கல்லாகிப்போனால், சிறுநீர் பிரியாமல் இருந்தால். அப்போது 'தளர்த்திக்கிடுங்க' என்று சொல்லிக்கொண்டிருப்பது ஆபத்து.

பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்காவிட்டால் காலத்துக்கும் குறை. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவார்கள், பாசமாகத்தான் வருவார்கள். உட்கார்ந்ததும், "எங்க மதினிக்கும் இப்படித்தான், நல்லா இருந்தாவ, எட்டாம் நாள் பாத்தா..." என்று தொடங்கிவிடுவார்கள். எட்டாம் நாள் கதையைக் கேட்ட நோயாளியின் தோள் மறுபடியும் காதுக்கு ஏறுவதை நான் கண்ணால் பார்த்தேன். வராந்தாவிலேயே வரவேற்று, நலம் சொல்லி, சாயா வாங்கிக் கொடுத்து அனுப்புவதும் துணைக்கு இருப்பவரின் வேலையில் ஒன்று. மதினிமார் கோபித்தாலும் பரவாயில்லை.

ஜன்னலோரக் கட்டில் கிடைத்தால் விடாதீர்கள். ரோஜர் அல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை முடிந்தவர்களில் ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்தவர்களைவிட முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், வலுவான வலிமருந்தும் குறைவாக வாங்கினார்கள். 23 ஜோடிகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் அத்தையின் கட்டிலுக்கு நேரே ஒரு வேப்பமரம் இருந்தது, காலையில் அதில் அணில் ஓடும்போது அவர் முகத்தைப் பார்த்தவள் நான்.

அறுவைக்கு ஒரு வாரம் முன்பே இதையெல்லாம் தொடங்கிவிட வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள யாராலும் முடியாது. படுக்கப் போகுமுன் பத்து நிமிஷம், நோயாளியும் துணைக்கு இருக்கப் போகிறவரும் சேர்ந்து தாடையைத் தளர்த்தி மூச்சுவிட்டுப் பழகினால் போதும். டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எங்கே வலிக்கும், எத்தனை நாள் வலிக்கும், வலிமருந்து எத்தனை மணிக்கு ஒருமுறை.

ஆறாம் நாள் அத்தையைக் காரில் ஊருக்குக் கூட்டிவந்தோம். முக்கூடல் போகும் வழியில் வேகத்தடைகளுக்குப் பஞ்சமில்லை. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, தடை வருவது தெரிந்ததும் வாயை லேசாகத் திறந்துகொள்வார். வண்டி ஏறி இறங்கும்வரை மூச்சை விட்டுக்கொண்டே இருப்பார். மூன்றாவது தடையிலோ நான்காவதிலோ டிரைவர் தம்பி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "வலிக்கா அத்தை, நிறுத்தட்டா?" என்றார்.

"வலிக்கத்தாம்ல செய்யி. நீ பையப் போ."